கட்டணமன்று, தண்டம்!

தமிழில் கட்டணம் என்பது ஒரு சொல். தண்டம் என்பது வேறொரு சொல். ஒரு பொருளைப் பெற்றோ ஒரு பணியைத் துய்த்தோ அதற்கு ஈடாக நாம் உளமொப்பிக் கட்டுவது கட்டணம். தவறு செய்தவனிடமிருந்து அவன் விருப்பத்தைக் கேளாமலே பறிப்பது தண்டம். பயனின்றிப் பாழாய்ப் போன செலவையும் நாட்டுப்புற மக்கள் தண்டம் என்றே சொல்வர். வரி தண்டுதல் என்னும் வழக்கையும் இவற்றோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும். கொடுப்பவன் பயன் பெற்றானா இல்லையா என்று கவலாமல், வாங்குபவன் வாங்கியே தீரும் தொகை எதுவோ, அதுவே தண்டம்.

பழைய கைப்பேசி வைத்திருப்போரிடமிருந்து கைப்பேசி நிறுவனங்கள் மிகையாக வாங்கும் தொகை கட்டணமா, தண்டமா? இதுவே நாம் ஈண்டு ஆராய வேண்டுவது. நிறுவனங்கள் இதற்குக் கட்டணம் என்றும், திட்டம் என்றும், மேம்பாடு என்றும் அழகழகாகப் பெயர் சூட்டியுள்ளன. பெயரைக் கண்டு மயங்குவோர் மயங்குக. நாம் பொருளைப் பார்ப்போம்.

இக்கொடுமை ஒளிவுமறைவின்றி அரங்கேறிய இடம் அமெரிக்க நாடு. ஆகவே முதற்கண் அங்கு நடந்ததைக் கூறி, அதன்பின் அதே கொடுமை நம் நாட்டில் எந்த முகமூடியை அணிந்து வந்துள்ளது என்பதைக் காட்டுவோம்.

அமெரிக்காவில் சிங்குலர் என்றொரு கைப்பேசி நிறுவனம் இருந்தது. அது 2004 அக்குதோபரில் ஏ.டி. அண்டு டி. வயர்லசு என்னும் மற்றொரு பெருநிறுவனத்தை 4,100 கோடித் தாலர் கொடுத்து விழுங்கியது. விழுங்கப்பட்ட நிறுவனத்தின் நுகர்வோரும் அவர்தம் கைப்பேசிகளும் சிங்குலரின் கைக்கு வந்தன. அவருள் பலர் பழைய முறைக் கைப்பேசிகளை வைத்திருந்தனர். அப்பழைய முறைகள் இரண்டு. ஒன்று, 1983-இல் சிக்காகோ நகரில் தொடங்கிய ஒப்பலை முறை. மற்றொன்று, டி.டி.எம்.ஏ. என்று குறிக்கப்பட்ட முதற்கால எண்ம முறை. சிங்குலரோ வேறொரு புதிய எண்ம முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பழையவற்றை மூடிவிட்டால், அவற்றிற்கென ஒதுக்கி வைத்திருந்த அலைக்கற்றையைப் புதியதற்குத் திருப்பிக்கொள்ளலாம். இருவேறு வலையமைப்புகளை நடத்தும் செலவும் மிஞ்சும்.

இதற்கு அந்நிறுவனம் கண்ட வழி யாது? 2006 ஆகத்துத் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வெளிவந்தது. பழைய முறைக் கைப்பேசி வைத்திருப்போர் வரும் செபுதம்பர் முதல் திங்கள்தோறும் 4 தாலர் 99 காசு மிகையாகக் கட்ட வேண்டும் என்பதே அது. அந்நிறுவனத்தின் 5 கோடியே 73 இலக்கம் நுகர்வோருள் ஏறத்தாழ 47 இலக்கம் பேர், அதாவது நூற்றுக்கு எண்மர், இவ்வலையிற் சிக்கினர். அவர்களுக்குப் புதிதாக ஏதேனும் கிடைத்ததா? இல்லை. பேச்சு தெளிவுற்றதா? இல்லை. நேற்றுப் பேசிய அதே கைப்பேசியில் அதே பேச்சை இன்றும் பேசுவதற்கு ஐந்து தாலர்! புதிய கைப்பேசிக்கு மக்களை மாற்றுவதே நோக்கம் என்று நிறுவனமே வெளிப்படையாகக் கூறியது. நோக்கம் அதுவாயின், வாங்கிய தொகை பணிக்கு ஈடன்று. மாறாதிருந்ததற்கு விதித்த தண்டம். இதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 47 இலக்கம் பேரும் கட்டினால் ஒரு திங்களுக்கு ஏறத்தாழ 2 கோடியே 34 இலக்கம் தாலர். மாறிச் செல்பவர் புதிய ஒப்பந்தத்தில் கட்டுண்டு நிறுவனத்திற்கு ஊதியம் தருவார். மாறாதிருப்பவர் தண்டம் கட்டி ஊதியம் தருவார். பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் வெற்றி நாணயத்தைச் சுண்டுபவனுக்கே!

இதனினும் பெரிய கொடுமை ஒன்றுண்டு. அமெரிக்க நடுவண் தொடர்பியல் ஆணையம் 2002-இல் செய்த முடிவின்படி, ஒப்பலை முறையைக் கைப்பேசி நிறுவனங்கள் 2008 பிப்பிரவரி 18 வரை நடத்தியாக வேண்டும். அந்நாள்வரை அது சட்டம் விதித்த கடமை. அலைக்கற்றை என்னும் பொதுச்செல்வத்தைத் தாங்கள் ஆளுவதற்கு ஈடாக அந்நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட கடமை. அக்கடமை முடிய இன்னும் 17 திங்கள் எஞ்சியிருந்த போதே, அக்கடமையைச் செய்வதற்கென்று தண்டம் விதிக்கத் துணிந்தது அந்நிறுவனம். வாய்க்காலைக் காக்கக் கூலி வாங்கிய நீராணிக்காரன், மடையைத் திறப்பதற்கு வேறு காசு கேட்டால் ஊர் பொறுக்குமா?

நுகர்வோர் சும்மா இருந்துவிடவில்லை. கட்டண அறிவிப்பு வெளிவருவதற்குச் சற்று முன்னரே, 2006 சூலையில், சியாட்டில் நகரின் நடுவண் முறைமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. விழுங்கிய நிறுவனத்தின் பழைய வலையமைப்பை வேண்டுமென்றே நலியவிட்டு, மக்கள் தாமாகவே வெறுத்துப் புதியதற்குப் பணம் கொடுத்து மாறும்படி செய்தனர் என்பது வழக்காடியவர்களின் குற்றச்சாட்டு. அது மெய்யா பொய்யா என்று முறைமன்றம் ஆராய்ந்து சொல்லியிருக்க வேண்டுமன்றோ? சொல்லவில்லை. என்னை? ஒப்பந்தத் தாளின் பொடியெழுத்துகளுக்கிடையே ஒரு வரி இருந்தது. பூசல் எழுந்தால் நுகர்வோர் பலர் ஒன்றுசேர்ந்து வழக்காடக் கூடாது; ஒவ்வொருவரும் தனித்தனியே இடையீட்டாளர் ஒருவரிடம் சென்று முறையிட வேண்டும் என்பதே அவ்வரி.

2011-இல் அமெரிக்க உச்ச முறைமன்றம் வேறொரு வழக்கில் இத்தகைய வரி செல்லும் என்று தீர்ப்புக் கூறியது. அதுவும் இதே நிறுவனத்தின் வழக்கே. சிங்குலர் 2007-இல் தான் விழுங்கிய நிறுவனத்தின் பெயரையே சூடிக்கொண்டு ஏ.டி. அண்டு டி. ஆகியிருந்தது. விலையில்லாக் கைப்பேசி என்று விளம்பரம் செய்துவிட்டு 30 தாலர் 22 காசு விற்பனை வரி வாங்கியதைப் பற்றிய வழக்கு அது. அத்தீர்ப்பைப் பின்பற்றி, பழைய கைப்பேசியாளர் சியாட்டிலில் தொடுத்த கூட்டு வழக்கிற்கும் 2012-இல் மேல்முறையீட்டு மன்றம் கதவடைத்தது. ஐந்து தாலருக்காக எவன் தனியே வழக்குரைஞரை அமர்த்துவான்? முப்பது தாலருக்காக எவன் படியேறுவான்? சிறுதொகையைப் பலரிடம் பறித்தால் வழக்கும் இல்லை, வம்பும் இல்லை என்பதை வணிகர் நன்கறிவர். ஒருவனிடம் ஓர் இலக்கம் திருடினால் திருடன். ஓர் இலக்கம் பேரிடம் ஒவ்வொரு காசாகத் திருடினால் தொழிலதிபன்!

வேறு வழி இல்லாமையால் அவ்வாறு செய்தனர் என்று எவரேனும் பரிந்து பேசக்கூடும். அதற்கும் அந்நிறுவனத்தின் பின்னாள் வரலாறே விடை கூறுகிறது. அதே ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 2022 பிப்பிரவரியில் தன் மூன்றாந் தலைமுறை வலையமைப்பை மூடியது. மூடுமுன் தன் நுகர்வோர் பலருக்குப் புதிய கைப்பேசிகளை விலையின்றி அனுப்பி வைத்தது. ஒருவர் வைத்திருக்கும் கருவியைப் பயனற்றதாக்குபவன் எவனோ, அவனே மாற்றுக் கருவியும் தரவேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று, நடந்துள்ள செய்தி. 2022-இல் இயன்றது 2006-இல் இயலாமற் போனதற்குக் கரணியம் கையில் பணமின்மையா? 4,100 கோடித் தாலர் கொடுத்து மற்றொரு நிறுவனத்தை வாங்கியவர்களிடமா பணம் இல்லை?

நிற்க. இனி நம் நாட்டிற்கு வருவோம்.

‘பட்டன் போன்’ என்று தெருவில் வழங்கும் விசைக்கைப்பேசியை அறியாதார் இலர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணிப்பின்படி, 2024-இல் இந்தியாவில் ஏறத்தாழ 15 கோடிப் பேர் அதனையே நம்பியிருந்தனர். அவர்கள் யார்? ஆடு மேய்க்கும் முதியவர். கட்டட வேலைக்குச் செல்லும் தாய். கடலுக்குச் செல்லும் மீனவர். பிள்ளைகள் அயலூரில் இருக்கத் தனித்து வாழும் பாட்டி. விசையைத் தடவி எண்ணை அறியும் பார்வையற்றவர். ஒருமுறை மின்னேற்றினால் நாட்கணக்கில் உழைக்கும். கீழே விழுந்தால் உடையாது. எண்கள் பெரியவை, பேச்சு தெளிவு. அவர்களுக்கு வேண்டியது அவ்வளவே. பிற்போக்கினால் அவர்கள் அதை வைத்திருக்கவில்லை. தங்கள் வாழ்க்கைக்குப் பொருந்துவதனால் வைத்திருக்கின்றனர்.

அமெரிக்காவில் இவர்களைப் போன்றோரிடம் தண்டத்தைத் தனியே எழுதி வாங்கினர். இங்கே தண்டத்தைக் கட்டணத்தின் வயிற்றுக்குள் ஒளித்து வைத்து வாங்கினர். வேறுபாடு அதுவே.

எப்படி என்று கேளுங்கள். 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் நம் கைப்பேசி நிறுவனங்கள் ‘வாழ்நாள் இணைப்பு’ என்றொன்றைப் பெருமுழக்கத்துடன் விற்றன. ஏறத்தாழ ஆயிரம் உருபா ஒருமுறை கட்டினால் வாழ்நாள் முழுதும் அழைப்புகள் வந்துகொண்டிருக்கும் என்றனர். நம்பிக் கட்டியோர் பலர். 2018 கடைசியில் அவ்வாழ்நாள் முடிந்துபோயிற்று. வாங்கியவரின் வாழ்நாளன்று, விற்றவரின் சொல்லுக்கு இருந்த வாழ்நாள்! 28 நாளைக்கு ஒருமுறை பணம் ஏற்றாவிடின் அழைப்பு வருவதும் நின்றுபோகும் என்னும் புதுநெறியை ஏர்டெல்லும் வோடாபோன் ஐடியாவும் புகுத்தின.

அதன்பின் ஏர்டெல் நிறுவனத்தின் கீழ்மட்டத் திட்டம் ஏறிய ஏற்றத்தைப் பாருங்கள். 2018 கடைசியில் 28 நாளைக்கு 35 உருபா. 2021 சூலையில் 79. அதே ஆண்டு நவம்பரில் 99. 2022 நவம்பரில் ஈரிடங்களில் தொடங்கி 2023-இல் பெரும்பாலான வட்டாரங்களில் 155; நாளும் 28-இலிருந்து 24 ஆகக் குறைந்தது. 2024 சூலையில் 28 நாளைய 179 உருபாத் திட்டம் 199 ஆயிற்று. வரம்பின்றிப் பேசலாமே என்பர். நாளைக்கு இருமுறை மகனோடு பேசும் கிழவிக்கு வரம்பின்மையால் ஆவதென்ன? மேலும், அத்திட்டத்தோடு இணையத்தரவும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இணையமே நுழையாத கருவிக்கு இணையத்தரவு! பல்லில்லாதவனுக்குக் கரும்பை விற்றுவிட்டு, கடிக்கமாட்டாதது அவன் குறை என்று சொல்லும் வணிகம் இது.

இத்துடன் வரியையும் சேர்த்துக் கணக்கிடுக. தொலைத்தொடர்புக் கட்டணத்தின்மேல் வரி 18 விழுக்காடு. 199 உருபாயில் ஏறத்தாழ 30 உருபா வரியாகச் சென்றது. துய்க்காத தரவின் விலைக்கும் வரி உண்டு. நிறுவனம் தண்டியது போக, அரசும் தண்டியது.

வேண்டாவிடில் விட்டுவிடலாமே என்று சிலர் எளிதாகச் சொல்வர். விட முடியுமா? இன்று கைப்பேசி எண் வெறும் பேச்சுக்கு மட்டும் உரியதன்று. வங்கிக் கணக்கு அவ்வெண்ணோடு பிணைந்துள்ளது. ஆதார் அவ்வெண்ணோடு பிணைந்துள்ளது. சமையல் எரிவளி உருளை பதிவு செய்ய அவ்வெண் வேண்டும். முதியோர் உதவித்தொகை வந்து சேர்ந்ததா என்று அறிய அவ்வெண் வேண்டும். பணம் ஏற்றாது எண் நெடுநாள் செயலற்றுக் கிடந்தால் அது வேறொருவர் கைக்குப் போய்விடும். அப்புறம் வங்கியின் கடவெண் குறுஞ்செய்தி யாரோ ஒருவருக்குச் செல்லும். ஆகவே மக்கள் கட்டுகின்றனர். விருப்பத்தினாலன்று, அச்சத்தினால். அச்சுறுத்தி வாங்கும் தொகைக்குக் கட்டணம் என்றா பெயர்?

வேறு நிறுவனத்திற்கு மாறலாமே என்பதும் வெற்றுரையே. 2016 செபுதம்பரில் வந்த இரிலையன்சு சியோவில் இரண்டாந் தலைமுறை வலையமைப்பு தொடக்கத்திலிருந்தே இல்லை. பழைய விசைக்கைப்பேசி அதில் உயிர்பெறாது. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கன. அவற்றுள்ளும் அரசின் பி.எசு.என்.எல். அலை எல்லா ஊர்களிலும் கிட்டுவதில்லை. கடைகள் பல இருப்பின் அன்றோ பேரம்? 2020 சூலையில் இரிலையன்சு நிறுவனத் தலைவர் முகேசு அம்பானி, முப்பது கோடிப் பேர் இரண்டாந் தலைமுறையில் சிறைப்பட்டுக் கிடக்கின்றனர் என்றும், அத்தலைமுறையை வரலாறாக்க வேண்டும் என்றும் கருத்துப்படப் பேசினார். சிறையென்று கூறுபவர் திறந்துவிடும் வாயில் எங்கே செல்கிறது என்று பார்த்தோமா? 2023-இல் அவர் நிறுவனம் 999 உருபாய்க்கு ஒரு விசைக்கைப்பேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை குறைவே, மறுக்கவில்லை. ஆயினும் அது அந்நிறுவனத்தின் இணைப்பில் மட்டுமே இயங்கும். ஒரு சிறையிலிருந்து மீட்டு மற்றொரு சிறையில் அடைப்பதற்கு விடுதலை என்று பெயரிடுவது எம்மொழியில் உள்ள வழக்கு?

இவற்றையெல்லாம் கண்ட ஒழுங்குமுறை ஆணையம், காலந்தாழ்ந்தேனும், 2024 திசம்பர் 23-ஆம் நாள் ஒரு நெறியை வகுத்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் தரவேண்டும் என்பது அது. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்நெறியை நிறுவனங்கள் நிறைவேற்றிய முறையைப் பாருங்கள்.

ஏர்டெல்லில் 84 நாளைக்கு 509 உருபாத் திட்டம் ஒன்று இருந்தது; அதில் 6 கிகாபைட்டுத் தரவும் அடங்கும். 2025 சனவரியில் அத்தரவை எடுத்துவிட்டுப் பேச்சு மட்டும் என்று வைத்த விலை எவ்வளவு தெரியுமா? 499 உருபா! ஆறு கிகாபைட்டுத் தரவின் மதிப்பு பத்தே உருபா என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. அதே நிறுவனம் அதே காலத்தில் ஒரு நாளைக்கான ஒரு கிகாபைட்டுத் தரவைத் தனியே விற்ற விலை 22 உருபா. கொடுக்கும்போது ஒன்று 22. கழிக்கும்போது ஆறும் சேர்ந்து 10! எட்டாம் வகுப்பு மாணவன் இக்கணக்கைப் போட்டால் நாம் அவனுக்குச் சுழிதான் இடுவோம். இவர்களுக்கோ நாடு கோடிகளை இட்டது.

ஆணையம் இதனை ஆராய்வதாகக் கூறியபின், சில நாள்களுக்குள் 499 என்பது 469 ஆகக் குறைந்தது. ஆண்டுத் திட்டம் 1,959-இலிருந்து 1,849 ஆயிற்று. ஒரே வாரத்தில் 30 உருபாயும் 110 உருபாயும் குறைக்க முடிந்ததென்றால் முதலில் வைத்த விலைக்கு அடிப்படை யாது? கேட்பாரற்ற இடத்தில் வைத்த விலை அது, கேட்டவுடன் குறைந்தது. இதுவே நாம் கற்க வேண்டிய பாடம்.

குறைந்த பின்னும் குறை தீரவில்லை. அந்நாள் வெளியிட்ட பேச்சுத் திட்டங்கள் 84 நாளைக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்றே அமைந்தன. அன்றாடங் கூலி பெறுவோர் 469 உருபாயை ஒரே முறையில் எடுத்து வைப்பது எளிதா? நாழி அரிசி வாங்க வந்தவளிடம் மூட்டையாக வாங்கினால்தான் விலை குறைவு என்று சொல்வதை ஒத்தது இது. சிறுகச் சிறுக வாங்குவோரே மிகுந்த விலை கொடுப்பர் என்பது ஏழ்மையின்மேல் உலகம் விதித்துள்ள பழந்தண்டம். அதன்மேல் இன்னொரு தண்டமா? இத்திட்டங்களைப் பற்றிய செய்திகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கைப்பேசிக்கு வருகின்றன. யாருக்காக இத்திட்டம் வந்ததோ அவரால் படிக்க முடியாத மொழியில் அதனை அறிவிப்பது அறிவிப்பா, மறைப்பா?

நிறுவனங்களின் பக்கமும் ஒரு கூற்று உண்டு. அதையும் நேர்மையுடன் எடுத்துரைத்து விடையிறுப்பதே முறை. அலைக்கற்றை அளவுடையது, பழைய முறை அதை மிகுதியாக உண்கிறது, இரு வலையமைப்புகளை நடத்துவது இரட்டைச் செலவு, சிலருக்காகப் பலர் ஏன் சுமக்க வேண்டும் என்பர். இக்கூற்றில் பாதி உண்மை. பழைய முறை என்றேனும் ஒருநாள் மூடப்படத்தான் வேண்டும். மூடக்கூடாது என்று நாம் வழக்காட வரவில்லை. பனையோலையே போதும், அச்சு வேண்டா என்று எந்தப் புலவரும் சொன்னதில்லை.

நம் வினா வேறு. மாற்றத்தின் செலவை யார் சுமப்பது என்பதே வினா. பழைய வலையமைப்பை மூடுவதால் விடுபடும் அலைக்கற்றையின் பயன் யாருக்குப் போகிறது? நிறுவனத்திற்கு. இரட்டைச் செலவு ஒற்றையானால் மிச்சம் யாருக்கு? நிறுவனத்திற்கு. புதிய கைப்பேசியால் பெருகும் தரவு விற்பனையின் ஊதியம் யாருக்கு? அதுவும் நிறுவனத்திற்கே. பயன் முழுதும் ஒருவனுக்கு. செலவு முழுதும் மற்றொருவனுக்கு! அதுவும் எவன் ஏழையோ அவனுக்கு! முதற்கோபுரங்களை எழுப்பிய பணம் எங்கிருந்து வந்தது? இப்பழைய கைப்பேசிகளில் அந்நாள் மணித்துளிக்கு இத்தனை உருபா என்று எண்ணி எண்ணிப் பேசிய மக்களின் பையிலிருந்து வந்தது. ஏணியாய் நின்றவரை மேலேறியபின் எட்டி உதைப்பது தொழில்வளர்ச்சியன்று, நன்றி கொல்லுதல்.

ஆகவே நாம் கேட்பன இவை.

ஒன்று: பேச்சுக்கு மட்டுமான திட்டம் 28 நாளைக்கும் கிடைக்க வேண்டும். தரவை நீக்கும்போது, தரவைத் தனியே விற்கும் விலையையொட்டியே கட்டணம் குறைய வேண்டும்.

இரண்டு: அழைப்பும் குறுஞ்செய்தியும் வந்தால் போதும் என்பார்க்கு, எண்ணை உயிருடன் வைத்திருக்கும் அளவிலான சிறுதிட்டம் ஒன்று வேண்டும். கைப்பேசி எண்ணை அடையாளமாக்கியது அரசு. அவ்வடையாளத்தைக் காப்பதும் அதன் கடமை.

மூன்று: எந்தத் தலைமுறை வலையமைப்பை மூடினாலும் நெடுங்கால முன்னறிவிப்பு வேண்டும், அது அவரவர் தாய்மொழியில் வேண்டும். பழைய கருவிக்கு ஈடாக, விசையுள்ள, எல்லா நிறுவன இணைப்பிலும் இயங்கும் மாற்றுக் கருவியை நிறுவனமே விலையின்றித் தரவேண்டும்.

நான்கு: பழைய வலையமைப்பால் செலவு மிகுகிறது என்று சொல்லிக் கட்டணம் உயர்த்துவோர் அச்செலவின் கணக்கை ஆணையத்தின்முன் வைத்துப் பொதுமக்கள் காண வெளியிட வேண்டும். காட்ட முடியாத செலவுக்குக் கட்டணம் கேட்க முடியாது.

கேட்டால் கிடைக்குமா என்று சோர்வடைவார் உளர். அமெரிக்காவில் பொடியெழுத்து அடைத்த கதவு இங்கே அடைபடவில்லை என்பதை அவர்கள் அறிக. தொலைத்தொடர்பு நிறுவனங்களின்மேல் நுகர்வோர் ஆணையங்களில் முறையிடலாம் என்று 2022 பிப்பிரவரியில் இந்திய உச்ச முறைமன்றமே தீர்ப்பளித்துள்ளது. ஒத்த குறையுடைய நுகர்வோர் பலருக்காக ஒருவரே, ஆணையத்தின் இசைவு பெற்று, முறையீடு செய்ய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இடமளிக்கிறது. படித்த இளைஞர்கள் தத்தம் தெருவில் உள்ள முதியோரின் பணமேற்றக் கணக்கைக் கேட்டெழுதட்டும். யார் யார் துய்க்காத தரவுக்கு எவ்வளவு கட்டினர் என்று பட்டியலிடட்டும். அப்பட்டியலுடன் முதலில் நிறுவனத்திடம் முறையிடட்டும். விடை வாராவிடின் ஆணையத்தின் படியேறட்டும். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பர். ஏழையர் சொல் ஒன்றாய்ச் சேர்ந்தால் ஏறும். கேட்டவுடன் 499 என்பது 469 ஆனதை மறவாதீர்!

பழையதை வைத்திருப்பது குற்றமன்று. குற்றமில்லாத இடத்தில் தண்டம் விதிப்பதே குற்றம். பெற்றதற்குக் கட்டுவோம், பெறாததற்குக் கட்டோம்! கட்டணம் எனில் கணக்கைக் காட்டுக, கணக்கில்லையேல் கைநீட்டற்க!